அக்கா மாடி ஏறியாச்சு

அலுவலகத்தில் அவளை 'ஸ்டார் மேடம்' என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், ஒரு காலத்தில் படத்தில் நடித்தவளோ என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அப்படியெல்லாம் பூர்வகதை ஒன்றும் கிடையாது. அவள் வக்கீல். கம்பெனிகள் விளம்பரம் போடுமுன் அவளிடம் காட்டிவிட்டுத்தான் போடும். அவள் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வாக்குறுதியின் தலையிலும் ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே அடிக்குறிப்பு எழுதுவாள். 'பத்து வருட உத்தரவாதம்' என்றால் ஒரு நட்சத்திரம். கீழே, மெத்தைக்கு மட்டும், உறைக்கு இல்லை. 'ஏழே நாளில் பளபளப்பு' என்றால் இரண்டு நட்சத்திரம். "ஏழு நாள்னு போட்டா எட்டாவது நாள் நுகர்வோர் கோர்ட்டுல நிக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்பாள். பரவாயில்லை என்று யாரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அது பாதி வேலை. மீதிப் பாதி, பேசக் கூடாதவர்களைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வது. ஒரே சரக்கை விற்கிற இரண்டு கம்பெனிக்காரர்கள் விலையைப் பற்றித் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் போட்டிச் சட்டம் பிடரியில் அடிக்கும். அதனால் உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களில் அவளைக் கூப்பிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். யாராவது "இந்த மாசம் விலை..." என்று வாயெடுத்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். உடனே எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். முப்பது வருடமாக இப்படி ஊரார் வாயை அடைத்து அடைத்து, வீட்டுக்குப் போனால் தனக்குப் பேச ஆளில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்கள்தான், கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள்.

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கல்யாணம் ஒன்று நடந்தது, நாலு வருடம் இருந்தது, சத்தமில்லாமல் முடிந்தது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். ரத்தசொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தம்பி, பஸ்ஸில் முக்கால் மணி தூரத்தில், மனைவியோடு இருந்தான். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். கூத்தைப் பாருங்கள், ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குக் கிடைத்த புதுக் கட்சிக்காரரும் அட்டைப்பெட்டி முதலாளிதான்.

கோப்பைத் திறந்த அன்றே, 'என் தம்பி எதிர்க் கம்பெனியில் இருக்கிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"இனிமே உன் வேலையப் பத்தி என்கிட்ட மூச்சு விடக் கூடாது. நானும் விடமாட்டேன். வீட்டுக்கு வர்றதையும் கொஞ்சம் குறைச்சுக்க. பாக்கறவங்க கண்ணு ஒண்ணுபோல இருக்காது."

"அப்ப என்னதான் பேசறது?"

"உடம்பப் பத்திப் பேசு. அதுக்குச் சட்டம் இல்ல."

அவன் சிரித்தான். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அடிக்குறிப்பு எழுதுகிறவள் அந்த ஒரு வார்த்தைக்கு எழுத மறந்துவிட்டாள். முதலில் மாதம் ஒரு தரம் வந்தான், பிறகு நாலு மாதத்துக்கு ஒரு தரம், பிறகு வருவதே நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிப் போன் மட்டும் நிற்கவில்லை. "முட்டி எப்படி இருக்கு?" என்று ஆரம்பிப்பான். அவளும் ஒன்று விடாமல் சொல்லுவாள். எத்தனை படி ஏறினாள், எந்தத் திருப்பத்தில் நின்றாள், தைலம் கேட்டதா கேட்கவில்லையா, எல்லாம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகச் சனிக்கிழமையே முட்டியை உன்னிப்பாகக் கவனித்து வைத்துக்கொள்வாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டி முதலாளி தாமே நேரில் வந்தார். துணிப்பைக்குள் ஒரு பழைய போன் இருந்தது. அவருடைய விற்பனைத் தலைவர் போன வாரம் ஓய்வு பெற்று, கம்பெனிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருந்ததை அழிக்கவில்லை. மூன்று வருடமாக ரகசியமாய் விலையை ஏற்றத் தெரிந்த மனிதருக்கு ஒரு செய்தியை அழிக்கத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார் முதலாளி. மூன்று தரம் சொன்னார். ஒரு தரத்தோடு நிறுத்தியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள்.

போனில் 'குடும்பம்' என்று ஒரு குழு, மூன்றே பேர். படித்தால் ஏதோ பாசமான குடும்பம் என்றுதான் தோன்றும். 'சனிக்கிழமை அக்கா வீட்டுல பாக்கலாம்.' 'அக்கா மாடி ஏறியாச்சு, ரெண்டு படி.' 'அக்காவுக்கு முட்டி வலி, இந்த மாசம் ஏற முடியாதாம்.'

முதலாளியின் விலைப்பட்டியல்களை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அரை மணியில் முடிச்சு அவிழ்ந்தது. அக்கா இரண்டு படி ஏறினால் மறு திங்கட்கிழமை பெட்டி விலை நூற்றுக்கு இரண்டு ஏறியிருந்தது. மூன்று படி ஏறினால் மூன்று. முட்டி வலித்தால் அந்த மாதம் விலை அசையவில்லை. அக்கா வீடு என்பது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டல் அறை. போன வருடம் போட்டி ஆணையத்திலிருந்து ஏதோ விசாரித்துக் கடிதம் வந்த அன்று ஒரே ஒரு வரி இருந்தது: 'அக்காவுக்கு உடம்பு சரியில்ல.' அதற்குப் பிறகு இரண்டு மாதம் குழுவில் ஈ காக்கை இல்லை. ஆபத்து, கலைந்துவிடுங்கள் என்று அர்த்தம்.

"கெட்டிக்காரப் பசங்க," என்று வாய்விட்டுச் சொன்னாள். சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் ஒரு வரியில் கண் நின்றது. 'அக்கா ரெண்டாவது திருப்பத்துல நின்னுட்டா. தைலம் கேக்கல.'

தேதியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, பதினொன்று இருபது.

அனுப்பியவரின் பெயர் அந்தப் போனில் 'தம்பி' என்றே இருந்தது. பெயரைத் தொட்டால் எண் தெரியும். தொட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் தொட்டாள். அவள் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே எண் அதுதான்.

ஆறு மாதத்துக்கு முன் தம்பி மனைவி அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'மாசாமாசம் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா அவருக்கு மனசு லேசாகுது அண்ணி.' போனில் பேசுவதைத்தான் இப்படிச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து, அவளும் ஒரு பூப்படத்தை அனுப்பிவைத்தாள். இப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக மாதம் தவறாமல் அக்கா வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. பேச்சு, சிரிப்பு, சாப்பாடு எல்லாம் அமர்க்களமாக நடந்திருக்கிறது. அக்காவுக்குத்தான் தெரியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு நேரே சீனியர் அறைக்குப் போனாள். அலுவலகம் அவருடையது. கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ இந்தக் கோப்புல இனிமே இல்லம்மா. திங்கக்கிழமை காலையில ஆணையம் திறந்ததும் நானே போய் நிக்கறேன்."

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்தச் சட்டத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு, காட்டிக்கொடுக்க முந்து. கூடிச் சதி செய்தவர்களில் முதலில் போய்க் கதவைத் தட்டி ஒப்புக்கொள்கிறவனுக்கு முழு மன்னிப்பு. அடுத்தவனுக்குப் பாதி. மற்றவனுக்குச் செமத்தியான அபராதம், கம்பெனிக்கு மட்டுமில்லை, பேரம் பேசிய ஆளுக்கும் சேர்த்து. தம்பிக்கு விஷயம் எட்டிவிட்டால் திங்கட்கிழமை அவனும் அந்தக் கதவுக்கு ஓடலாம், முந்தியும்விடலாம். அவளை நம்பிப் போனைக் கொண்டுவந்த முதலாளி நடுத்தெருவில் நிற்பார். எட்டாவிட்டால் தம்பியின் வேலை போகும், பேர் போகும். அதற்குப் பிறகு அக்கா என்று கூப்பிட அவளுக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான் சார்."

"எடு."

"எடுக்காம விட்டுடறேனே."

"என்னிக்காவது எடுக்காம விட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்ப எடுக்காததும் ஒரு சேதிதான். எப்பவும் போலப் பேசு, எப்பவும் போல வை." கொஞ்சம் பொறுத்து, "கஷ்டந்தான்," என்றார்.

சனிக்கிழமை காலையிலேயே உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. கவலையால் வந்ததா, காற்றில் வந்ததா, யாருக்குத் தெரியும். சாயங்காலம் நூற்றிரண்டு. மாத்திரை வாங்க மூன்று மாடி இறங்கி மூன்று மாடி ஏற வேண்டும். அலமாரியில் தேடியதில் காலாவதியான மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. காலாவதித் தேதி கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் இருக்கக் கூடாது என்று மருந்துக் கம்பெனி ஒன்றோடு எட்டு மாதம் மல்லுக்கட்டியவள் அவள். அந்த மாத்திரையையே விழுங்கிவிட்டுப் போர்த்திப் படுத்தாள். கூடத்தில் இரண்டு நாற்காலி, ஒன்றின்மேல் துணி மடித்துக் கிடந்தது. அதில் யாராவது உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காய்ச்சலோடு எண்ணிப் பார்த்தாள், எண்ண வரவில்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகப் பதினோரு மணிக்கு அடித்தது.

"அக்கா."

"சொல்லுடா."

"முட்டி எப்படி இருக்கு?"

ஆறு வருடமாகக் கேட்ட கேள்விதான். இன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அக்கறையாய்க் கேட்கிறானா, குறிப்பெடுத்துக்கொள்ளக் கேட்கிறானா? எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அடப்பாவி, என் முட்டிதானாடா உனக்குக் கிடைத்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் எல்லாம் முடிந்தது.

"பரவாயில்ல."

"மாடி ஏறினியா?"

"ஏறினேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. உடம்பு சரியில்லையா?"

கேட்டேவிட்டான். ஆமாம் என்றால் போதும். அது சத்தியமான வார்த்தை, தெர்மாமீட்டரே சாட்சி. 'ஆமாண்டா, அக்காவுக்கு உடம்பு சரியில்ல' என்று, அவர்கள் எழுதுகிற அதே வார்த்தைகளில், கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் அவனுக்கு எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்கும். பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை. ஆனால் வெறும் காய்ச்சலைத்தான் சொன்னேன் என்று நாளைக்கு அவளால் தனக்குத்தானே சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிற விளம்பரங்களைத்தான் அவள் முப்பது வருடமாகச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. நல்லாத்தான் இருக்கேன்."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"சரி, பாத்துக்க. ஒரு நாள் வரேன்."

"வா," என்றாள்.

போனை வைத்ததும் அழுதாள். தம்பியை நினைத்து அழுதாளா, தன்னை நினைத்தா என்றால் இரண்டும்தான். உடம்பு சரியில்லையா என்று இந்த உலகத்தில் கேட்க இருந்த ஒரே ஆளிடம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி காய்ச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்ய. போர்த்திப் படுத்து, புதன்கிழமை எழுந்து, வியாழக்கிழமை அலுவலகம் போனாள். மேசைமேல் ஒரு சோப்பு விளம்பரம் நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தது.

திங்கட்கிழமையே சீனியர் போய் முதலாளிக்கு முதலிடம் வாங்கிவிட்டார். ஆணையம் கமுக்கமாக வைத்திருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும், அதற்கு அடுத்த ஞாயிறும் தம்பி போன் பண்ணினான். முட்டியைக் கேட்டான், அவள் சொன்னாள். மூன்றாவது வாரம் ஆணையத்து ஆட்கள் மற்ற இரண்டு கம்பெனிக்குள்ளும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். தம்பியின் கம்பெனி பழியெல்லாம் அவன் தலையில் போட்டு, அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிட்டது.

சனிக்கிழமை அவன் வந்தான். படியில் கேட்ட காலடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான். கதவைத் திறந்தாள். இளைத்திருந்தான், சவரம் செய்யவில்லை. துணி கிடந்த நாற்காலியை அவசர அவசரமாகக் காலி செய்தாள். அவன் உட்காரவில்லை.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"உடம்பு சரியில்லையான்னு நானே கேட்டேன். வேற யாரும் கேக்கல, நானே கேட்டேன். ஆமான்னு ஒரு வார்த்தை. நீ சொல்ற தினுசுலயே எனக்குப் புரிஞ்சிருக்கும்."

"அன்னிக்கு எனக்கு நூத்திரண்டு காய்ச்சல்டா."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்குப் புரிஞ்சிருக்குமே."

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அவள்தான் கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா என்னைப் போட்டே? ஊர்ல வேற வார்த்தையே கிடைக்கலியா?"

"நீதானே உடம்பப் பத்திப் பேசச் சொன்னே," என்றான். "எனக்குத் தெரிஞ்சது அதான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான். மறுநாள் பதினோரு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. பழக்கதோஷம், அவள் சனிக்கிழமைகளில் முட்டியைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிறு பதினோரு மணிக்கு வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்றேகால் வருடம் கழித்து ஆணையத்தின் உத்தரவு வந்தது. நூற்றுப் பதினாறு பக்கம். கோப்பு அவளுடையது இல்லை என்றாலும், உத்தரவு எல்லோரும் படிக்கலாம். அலுவலகத்தில் படிக்க மனசில்லாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தாள். முதலாளிக்கு மன்னிப்பு. மற்றவர்களுக்கு அபராதம். தம்பிக்குத் தனியாக ஒரு பத்தி, தனியாக ஒரு தண்டம். சாட்சியப் பட்டியலின் கடைசி வரிசையில் ஒரு செய்தி இருந்தது, தேதியோடு, நேரத்தோடு. அவள் நூற்றிரண்டு காய்ச்சலில் கிடந்த அந்த ஞாயிறு, பதினொன்று இருபது. 'அக்கா நல்லா இருக்கா. மாடி ஏறியாச்சு, மூணு படி.'

அவள் சொன்ன பொய்யிலேயே கடைசி விலையை ஏற்றியிருக்கிறான்.

'அக்கா' என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அடிக்குறிப்புக்குப் போவது அவளுக்குக் கை தானாகச் செய்கிற வேலை. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: '*அக்கா: சங்கேதச் சொல். உண்மையான நபர் எவரையும் குறிப்பதன்று.'

இரண்டு தரம் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். முப்பது வருடத்தில் அவள் கையில் சிக்கிய எந்த அடிக்குறிப்பும் திருத்தமில்லாமல் போனதில்லை. இதில் என்ன திருத்துவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தாள். மணி பதினொன்று ஆகியிருந்தது. மனப்பாடமாக இருந்த எண்ணை, முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவளே அழுத்தினாள்.

தம்பி மனைவிதான் எடுத்தாள்.

"அண்ணி," என்றாள். "மாசாமாசம் உங்களுக்குன்னு டப்பா நிறையப் பலகாரம் குடுத்தனுப்புவேன் அண்ணி. எந்தத் தடிப்பசங்க தின்னாங்களோ."

"நல்லா இருந்திருக்கும்மா. அதான் மூணு வருஷம் விடாம வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "இருங்க, கூப்பிடறேன். பேசுவாரான்னு தெரியல."

போன் கை மாறியது. மூச்சு மட்டும் கேட்டது. அவள் வேறு எதுவும் பேசவில்லை. பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த அடிக்குறிப்பை, நட்சத்திரத்திலிருந்து முற்றுப்புள்ளி வரைக்கும், நிதானமாகப் படித்துக் காட்டினாள். வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"முட்டி எப்படி இருக்கு?"

எழுதிக்கொள்ளக் குழு இல்லை, ஏற்ற விலை இல்லை, போக ஓட்டல் அறை இல்லை. சும்மா கேட்கிறான்.

"வலிக்குதுடா," என்றாள். "ரொம்ப வலிக்குது. ஏற முடியல."

அவன் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் முதல் படியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.